மீதமிருக்கும் ஒன்பது வாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்பு படுத்தாமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீயும் மருமகளும் சின்னக்குட்டியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு, மற்ற நினைப்பெல்லாம் அதற்குப் பிறகுதான் வரிசையில் வந்து நிற்கும். போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ நாலு வார்த்தை குறுக்கே சொல்வாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். காகிதம் என்றால் குறுக்கே பேசாது. அதனால் உட்கார்ந்து நிதானமாகப் படி, மருமகளுக்கும் படித்துக் காட்டு, அவளிடம் எதையும் மறைக்க வேண்டாம்.

முதலில் வீட்டுச் சங்கதி. உன் அறையை வாடகைக்கு விட்டாயிற்று. நர்ஸுக்குப் படிக்கிற ஒரு பெண், நல்ல பிள்ளை, வருவதும் தெரியாது போவதும் தெரியாது, ஈரச் சீருடையை மட்டும் உன் புத்தக அலமாரிக் கதவில் தொங்கவிடுகிறாள், மரம் ஊறிப்போகுமே என்று எனக்குப் பதைக்கிறது, வாடகை கொடுக்கிறவளை என்ன சொல்வது, வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். உன் பெட்டிகள் மூன்றும் எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. அப்பா தினமும் காலையில் எழுந்திருக்கும்போது அதில் கட்டைவிரலை இடித்துக்கொண்டு, உன்னைத் திட்டுகிற மாதிரியே பெட்டியைத் திட்டுகிறார். கண் மங்கிப்போய் பஸ் ஓட்டும் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து மூன்று வருடம் ஆகிறது, இன்னும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு முனையில் திரும்புகிற ஒவ்வொரு பஸ்ஸையும் சத்தத்தை வைத்தே குறை சொல்கிறார், இவன் கியரை மாத்தறானா தேங்காய் உரிக்கிறானா என்கிறார். அந்த வாய் இருக்கிறவரை அவருக்கு ஒன்றுமில்லை என்று நானும் விட்டுவிடுகிறேன். மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டுக்கொள்கிறார். இரண்டு வாரத்துக்கு முன்னால் எனக்குத் தெரியாமல் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்துவிட்டேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இப்போது உதவித்தொகை விஷயத்துக்கு வருகிறேன். நீ ஒவ்வொரு தடவையும் பணம் வருதாம்மா என்று கேட்பாய், நானும் வருதுப்பா என்று சொல்லிவிட்டு பேச்சை சின்னக்குட்டி பக்கம் திருப்பிவிடுவேன். முழுக்கதை உனக்குத் தெரியாது. சலவை ஆலையை மூடியபோது, வேலை போனவர்களுக்கு இருபத்தாறு வாரம் உதவித்தொகை உண்டு என்று ஒரு சிறு புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அதில் பதினேழு வாரம் போய்விட்டது, ஒன்பது மீதி. இது சும்மா வருகிற பணம் இல்லை. திங்கட்கிழமை தோறும் கம்ப்யூட்டரில் போய் ஆறு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். போன வாரம் எங்காவது வேலை செய்தாயா, சம்பளம் வாங்கினாயா, வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தாயா, எந்த மூன்று இடத்தில் வேலை கேட்டாய் என்றெல்லாம் கேட்கும். கடைசியில் சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு கட்டத்தில் டிக் போட வேண்டும். ஒரு திங்கட்கிழமை தவறினால் அந்த வாரம் போச்சு. நான் இதுவரை ஐம்பத்தோரு இடத்தில் வேலை கேட்டிருக்கிறேன். இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள். ஒரு இடத்தில் உன்னைவிடச் சின்னவன் ஒருவன், அஞ்சு வருஷம் கழிச்சு நீங்க எங்க இருப்பீங்கன்னு நினைக்கறீங்க என்று கேட்டான், இருந்தா வீட்ல இருப்பேன் தம்பி என்று சொன்னேன், அதோடு சரி. ஐம்பத்தெட்டு வயதுக்காரிக்கு யார் வேலை தருவார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், கேட்டேன் என்று எழுதுவதற்காகக் கேட்கிறேன், இல்லை என்று சொல்வதற்காக அவர்கள் கூப்பிடுகிறார்கள்.

இந்தத் திங்கட்கிழமை வேலையை நான் எனக்கு மட்டும் செய்யவில்லை, உன் நெட்டை அத்தைக்கும் நான்தான் செய்தேன், சொந்த அத்தை இல்லாவிட்டாலும் சின்ன வயதிலிருந்து நீ அப்படித்தானே கூப்பிடுகிறாய். அவளுக்குப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாது, கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டாள். இரண்டு பேரும் நூலகத்துக்குப் போவோம், அவள் பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், முதலில் எனக்குப் போடுவேன், பிறகு அதே கம்ப்யூட்டரில் அவளுக்கு. ஆலையில் பத்தொன்பது வருடம் நாங்கள் ஒரே ஜோடி. மருத்துவமனை விரிப்பு ஈரமாக வரும், அவள் ஒரு முனை, நான் ஒரு முனை, ஒரு உதறு உதறி இஸ்திரி உருளைக்குள் நேராக விட வேண்டும், ஒருத்தி இழுத்தால் கோணிக்கொள்ளும். ஒவ்வொருத்தி நிற்கிற இடத்திலும் ஒரு பச்சை பட்டன் உண்டு. கால் மணிக்கு ஒரு தடவை விளக்கு எரியும், ஆள் நிற்கிறாள் என்று காட்ட அவரவர் பட்டனை அவரவர் தட்ட வேண்டும், தட்டாவிட்டால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். கழிப்பறைக்குப் போவதற்குக்கூட நேரம் பத்தாது. அதனால் அவள் போனால் அவள் பட்டனை நான் தட்டுவேன், நான் போனால் அவள் தட்டுவாள். நீ அம்மை போட்டுப் படுத்திருந்தபோது நான் மதியம் வீட்டுக்கு ஓடி வந்து ஓடிப் போவேனே, அந்த மூன்று நாளும் என் பட்டனைத் தட்டியது அவள்தான். இது தப்பு என்று எங்கள் ஆலையில் யாருக்கும் தோன்றியதே இல்லை, தட்டாதவளைத்தான் கெட்டவள் என்போம்.

ஆறாவது வாரம் அவள் மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு ஒடிந்துபோனது. ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு. உனக்கு அப்போது போனில் சொன்னேன், பாவம்மா என்றாய். அந்தத் திங்கட்கிழமை வேலை செய்யும் உடல்நிலையில் இருந்தாயா என்ற கேள்வி வந்தபோது நான் அவளுக்குப் படித்துக் காட்டினேன். கை ஒடிஞ்சு கிடக்கேடி, ஆமான்னு போடலாமா என்று அவள் கேட்டாள். நன்றாக நினைவிருக்கிறது, அவள் கேட்டாள். நான்தான், இல்லைன்னு போட்டா அன்னிக்கே நிறுத்திடுவான், ஆறு வாரத்துல கட்டைப் பிரிச்சிடப் போறாங்க, நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன் என்றேன். சொல்லிவிட்டு ஆம் என்பதைத் தட்டினேன். ஆறு திங்கட்கிழமை தட்டினேன். தட்டும்போது எனக்கு நெஞ்சு ஒரு துளி அடித்துக்கொள்ளவில்லை தம்பி, பத்தொன்பது வருடப் பழக்கம், விளக்கு எரிந்தால் தட்டுவேன், அவ்வளவுதான்.

பதினோராவது வாரம் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அவளுக்கு ஒரு தாள் வந்தது. பார்சல் கட்டுகிற கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள், நேரில் போகாவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று போட்டிருந்தது. போகாதே, காய்ச்சல்னு சொல்லிக்கலாம் என்று நான் சொன்னேன். போகலேன்னா நிறுத்திடுவானே என்று அவள் பயந்துபோய், ஒடிந்த கையைக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டு, நல்ல கையை மட்டும் வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனாள். அந்த ஆள் பேசிவிட்டு, இந்தப் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வையுங்கம்மா என்றானாம். ஒற்றைக் கையால் அணைத்துத் தூக்கப் பார்த்திருக்கிறாள். பெட்டி நழுவி அவன் காலில் விழுந்திருக்கிறது. அதை வந்து சொன்னபோது இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம், அப்பா உள்ளேயிருந்து என்ன கூத்து என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தோம். அவன் அலுவலகத்துக்கு அனுப்பிய பதிலில், கையில் மாவுக்கட்டுடன் வந்தார் என்று எழுதிவிட்டான். அவன்மேல் குற்றமில்லை, பார்த்ததை எழுதினான்.

அடுத்த வாரமே தபால் வந்தது, அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவள் வேலை செய்ய முடியாத நிலையில் முடியும் என்று பொய் சொல்லிப் பணம் வாங்கினாள் என்று அவளுக்கு. இரண்டு பேர் பதிலும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து பத்து நிமிட இடைவெளியில் வந்திருக்கிறது, அதனால் விசாரணைக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று எனக்கு. தெரிந்தே தட்டியிருந்தால் என் மீதி வாரமும் ரத்து, அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு எதையும் கேட்க முடியாது என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. விசாரணைக்கு முதல் நாள் உனக்குப் போன் செய்தேனே, அப்போது நீ சொன்னாய், அம்மா, தெரியாதுன்னு ஒரே வார்த்தை சொல்லு, அவங்க சொன்னதைத்தான் தட்டினேன், கை ஒடிஞ்சது எனக்குத் தெரியாதுன்னு சொல்லு, அதுக்கு மேல வாயைத் திறக்காதே என்றாய். சரிப்பா என்றேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ சொன்னதால்தான் நான் அப்படிச் செய்தேன் என்று மனதில் போட்டுக் குமைந்துகொள்ளாதே. நீ போனை எடுக்காமல் இருந்திருந்தாலும் நான் அதையேதான் சொல்லியிருப்பேன். யாராவது சொல்லட்டும் என்றுதான் உனக்குப் போன் போட்டேன்.

விசாரணை அறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஈரம் ஏறிய கறை, ஜன்னலுக்கு வெளியே யாரோ சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதிகாரி நல்ல மனிதர், அதட்டவில்லை, மிரட்டவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். இந்த அம்மாவுக்குக் கை ஒடிஞ்சது உங்களுக்குத் தெரியுமா என்றார். தெரியாதுங்க என்றேன். வாரா வாரம் பக்கத்துல உக்காந்திருக்காங்க, மாவுக்கட்டு கண்ணுல படலையா என்றார். அதற்கு என்ன சொல்வது என்று நீயும் சொல்லித்தரவில்லை. அப்போது நெட்டை அத்தை வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரியாதுங்க, குளிரா இருந்துச்சு, கோட்டுக்குள்ள மறைச்சு வெச்சிருந்தேன், அவ கேட்டா, நல்லாத்தான் இருக்கேன்னு நான்தான் பொய் சொன்னேன் என்றாள். நாங்கள் முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளவே இல்லை தம்பி. அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை அவளிடம் நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். கட்டைப் பிரித்த கை, எலும்பு சரியாகக் கூடவில்லை, விரல் மடங்குவதில்லை, பேனா வழுக்கிக்கொண்டே இருந்தது. காகிதம் நகராமல் இருக்க நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காகிதத்தைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பஸ் நிறுத்தத்தில் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள், உன் வீட்ல மாத்திரை சாப்பிடற மனுஷன் இருக்காரு, நான் ஒண்டிக்கட்டை, எங்கியாவது ஒரு மூலை கிடைக்காதா, விடுடி என்றாள். பிறகு பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று பேச ஆரம்பித்துவிட்டாள். ஒரு வாரத்தில் தீர்ப்புத் தாள் வந்தது. எனக்கு ஒன்றுமில்லை, என் பணம் தொடரும். அவளுக்கு மீதி வாரம் எல்லாம் ரத்து, வாங்கிய ஆறு வாரப் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஒப்புக்கொள்ளாவிட்டால் முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அவள் அதைப் படிக்கவும் இல்லை, மேல்முறையீடு செய்யவும் இல்லை. போன மாதக் கடைசியில் அறையைக் காலி பண்ணிவிட்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அந்த அண்ணியைத்தான் உனக்குத் தெரியுமே, அந்த வீட்டில் தண்ணீர் குடித்தாலும் டம்ளர் எண்ணுவாள். சமையலறைக்குப் பின்னால் சாமான் போடுகிற இடத்தில் படுக்கை. நாம் உன் அறையை அவளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று நீ கேட்பாய். அவளால் வாடகை தர முடியாது, நம்மால் சும்மா தர முடியாது. எழுத நன்றாகவா இருக்கிறது, ஆனால் அதுதான் நிலைமை. போய்ப் பார்த்தேன், ஒற்றைக் கையால் டீ போட்டுக் கொடுத்தாள், அப்பா கால்வலி எப்படி என்று விசாரித்தாள், ஒரு சொல் குத்திக் காட்டவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன்.

போன திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனபோது அங்கே இருக்கிற பெண்ணிடம், பேரைச் சொல்லாமல், இப்படி ஒருத்திக்கு ஆகிவிட்டது என்று கதையாகச் சொன்னேன். அவள் என் பையிலிருந்த அதே சிறு புத்தகத்தை வாங்கிப் புரட்டி, இருபத்திரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். கை கால் ஒடிந்தால் அந்த வாரமே சொல்லிவிட வேண்டுமாம், சொன்னால் உதவித்தொகைக்குப் பதிலாக நோய்ப்படி என்று ஒன்று தருவார்களாம், கொஞ்சம் குறைவுதான், ஆனால் ஒரு வாரமும் நிற்காது. குணமானதும் பழையபடி இதற்கே மாற்றிக்கொள்ளலாமாம். இவ்வளவு நாள் அந்தப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேனே, ஒரு நாள் புரட்டிப் பார்த்தேனா. அன்றைக்கு அவள் கேட்டபோது இல்லை என்று தட்டியிருந்தால் அவளுக்குப் பணம் கொஞ்சம் குறைந்திருக்கும், அவ்வளவுதான், இன்று தன் அறையில் தன் கட்டிலில் படுத்திருப்பாள். அந்த நூலகப் பெண் இன்னொன்றும் சொன்னாள். அந்தம்மா உண்மையைச் சொல்லியும், பதில் போட்டுக் குடுத்தவங்கதான் மாத்திப் போட்டாங்கன்னு தெரிஞ்சா, அந்த ஆறு வாரத்தை நோய்ப்படியா மாத்திடுவாங்க, மீதி வாரத்தையும் திருப்பித் தருவாங்க, ஆனா போட்டுக் குடுத்தவங்களே எழுதிக் குடுக்கணும், முப்பது நாளுக்குள்ள என்றாள். அந்த முப்பது நாள் வருகிற வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

நான்கு நாள் இதை யாரிடமும் சொல்லாமல் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அப்பா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்பது கட்டம் போட்டு வைத்திருக்கிறார், பணம் நிற்கிற நாளுக்கு என்ன செய்வது என்று அவர் திட்டம். முதல் கட்டத்துக்குள் பேப்பரை நிறுத்துவது, மூன்றாவதில் என் தையல் மிஷினை விற்பது, ஆறாவதில் நாங்கள் ஹாலுக்கு வந்துவிட்டு எங்கள் அறையையும் வாடகைக்கு விடுவது, பிறகு அவருக்கு வருகிற ஓய்வூதியமும் வாடகையும் சேர்த்து எத்தனை நாள் என்று கணக்கு. ஒன்பது வாரத்தில் மெதுவாக ஒவ்வொரு படியாக இறங்கலாம் என்று அவர் நினைப்பு. நேற்று காலை அவர் எதிரில் உட்கார்ந்து, ஒன்பது கட்டமும் இல்லை, எல்லாத்தையும் இந்த வாரமே செஞ்சாகணும் என்று சொல்லி முழுவதையும் சொன்னேன். விசாரணையில் பொய் சொன்னது அவருக்கு முன்பே தெரியும், அன்று சாயங்காலம் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்ட மனிதர்தான். இப்போது கோபம் வந்துவிட்டது. உனக்கு இப்பத்தான் ஞானோதயம் வருதா, அன்னிக்கே சொல்லியிருந்தா இவ்வளவு வராது, இப்பச் சொன்னா ரெண்டு வீடும் போகும் என்று கத்தினார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதைத்தான் நான் நான்கு நாளாக எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் வந்து, அதுல என் பேரு எங்கியாவது வருமா என்று கேட்டார், வராது என்றேன், வந்தாலும் பரவால்ல என்று சொல்லிவிட்டுப் போய் தபால்தலை வாங்கிக்கொண்டு வந்தார். கண் சரியாகத் தெரியாத மனிதர், இரண்டு தெரு தள்ளி, தனியாகப் போய் வந்திருக்கிறார்.

எழுதிவிட்டேன் தம்பி. கை ஒடிந்தது எனக்கு முதல் நாளே தெரியும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போனதே நான்தான், அப்படிப் போடலாமா என்று அவள் கேட்டும் ஆம் என்று தட்டியது நான், விசாரணையில் பொய் சொன்னது நான், அவள் என்னைக் காப்பாற்றத்தான் தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று நேராக, சுற்றி வளைக்காமல் எழுதினேன். அந்தக் கடிதம் உள்ளூர், நாளைக்கே போய்ச் சேரும். உனக்கு இது வந்து சேர இன்னும் பத்து நாளாவது ஆகும், அதற்குள் என் பணம் நின்றிருக்கும். அதனால் போன் போட்டு ஏம்மா இப்படிச் செஞ்சே என்று கேட்காதே, கேட்டுப் பயனில்லை. பணமெல்லாம் அனுப்பாதே என்று வீறாப்பாக எழுத ஆசைதான், எழுதமாட்டேன். அப்பாவின் மாத்திரைக்கு மட்டும் மாதம் உன்னால் முடிந்ததை அனுப்பு, மருமகளைக் கேட்டுக்கொண்டு அனுப்பு, சின்னக்குட்டியின் பாலில் கைவைத்து அனுப்பாதே. மற்றதை நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொள்கிறோம். எனக்கு நாலு வீட்டில் துணி துவைக்கிற வேலை கேட்டு வைத்திருக்கிறேன், ஒரு வீட்டில் சரி என்றிருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலும் ஆள் குறைக்கப்போவதாகச் சொன்னாய். அப்படி ஒன்று வந்தால், அங்கே என்ன புத்தகம் கொடுக்கிறார்களோ அதை அன்றைக்கே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படி, உனக்குப் பதிலாக யாரையும் தட்டவிடாதே, நீயும் யாருக்காகவும் தட்டாதே.

நீயும் மருமகளும் சண்டை சச்சரவு இல்லாமல், சின்னக்குட்டி கொழுகொழு என்று, கையில் வேலையும் கண்ணில் தூக்கமும் குறையாமல் நல்லபடி இருக்க வேண்டும், அம்மாவின் மனம் நிறைந்த ஆசி உங்களுக்கு எப்போதும் உண்டு. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார், பெட்டியை எப்போது வந்து எடுத்துப்போவாய் என்றும் கேட்கச் சொன்னார். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நெட்டை அத்தைக்கு நான் எழுதியது எதுவும் தெரியாது. உன்னோடு பேசினால் எப்போதும்போல் பேசு, இதைப் பற்றி மூச்சு விடாதே. தெரிந்தால் அவள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து அந்த அதிகாரியிடம் போய், நான் எழுதியதெல்லாம் பொய் என்று சொல்லிவிடுவாள்.

இப்படிக்கு,
உன் அம்மா